அரை ஒட்டகம் பெறும் துப்பாக்கி

மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ரிப்போர்ட் எழுதுவது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அதற்கு ஃபார்ம் இருக்கிறது. ஃபார்மை நிரப்பத் தெரியாதவர்களை இப்போதெல்லாம் வேலைக்கு எடுப்பதும் இல்லை. துபாயில் இருந்த காலம் முழுக்க, பிறத்தியார் பொருளைத் தொட்டுப் பார்த்து, இது இவ்வளவு பெறும், அது அவ்வளவு பெறாது என்று சொல்லியே சோறு தின்றவன் நான். படகு, ஜெனரேட்டர், கம்பளம், கைக்கடிகாரம், ஒருமுறை ஒரு பல்செட்டுக்குக்கூட விலை சொல்லியிருக்கிறேன். எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. என் வாயாலேயே கெட்டுப்போன பொருள் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. துபாயின் தேராப் பகுதியில், க்ரீக் என்கிற கடற்கழியைப் பார்த்த மாதிரி இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். நான் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கு முன்னால் மெட்ராஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் ஆறு வருஷம் இருந்தேன். இன்டர்வியூவில் "உனக்கு எதைப் பற்றி நன்றாகத் தெரியும்?" என்று கேட்டார்கள். "துப்பாக்கி" என்றேன். கேட்டவர் என் பையைப் பார்த்தார். பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது, அந்த நாட்டில் வசதியான வீடு எல்லாவற்றிலும் சுவரில் ஒன்றாவது தொங்குகிறது, விலை சொல்லத்தான் ஆளில்லை என்று.

என் மேஜைக்கு எதிரே ஒரு சீனியர் உட்கார்ந்திருந்தார். பெயர் வேண்டாம். அவர் பிள்ளைகள் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார்கள். முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "பொருளைக் கையில எடுத்ததும் வாயைத் திறக்காதே. 'ம்' அப்படின்னு ஒண்ணு. திருப்பிப் பாரு. இன்னொரு 'ம்'. அப்புறம் மெதுவா மூக்குக் கண்ணாடியைக் கழட்டு. பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும்" என்றார்.

"நான் கண்ணாடி போடுறதில்லையே சார்."

"வாங்கு."

வாங்கினேன். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. அதைக் கழற்றுவதற்காக மட்டுமே போட்டுக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். மாட்டியிருக்கும்போது ஒரு மாதிரியும் கழற்றினால் இன்னொரு மாதிரியும் தெரிவதாகப் பாவனை செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

அப்போதுதான் அபு சைஃப் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அல் ஐன் பக்கம் பெரிய பேரீச்சந் தோட்டமும் சிமெண்ட் வியாபாரமும் வைத்திருந்தவர். இளம் வயதில் பம்பாயில் வியாபாரம் செய்தவர் என்பதால் இந்தி சரளமாக வரும். என்னுடைய இந்தியைக் கேட்டுப் பலமுறை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் தோட்டத்து விருந்தினர் வீட்டில் கிணறு தோண்டும் அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் மூன்று வருஷம் குடியிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது, தன் அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை அபு சைஃபின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

துணியைப் பிரித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மெட்ராஸில் அதுபோல் ஒன்றுதான் பார்த்திருந்தேன், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள்.

உங்களில் துப்பாக்கியைத் தொடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்துத் துப்பாக்கி என்பது முகூர்த்தப் பட்டு மாதிரி. அளவெடுத்து, ஆளைப் பார்த்துச் செய்வார்கள். பழைய அமெரிக்க இரட்டைக்குழல் அப்படியில்லை. சேற்றில் நின்று வாத்து சுடும் விவசாயிக்காகத் தொழிற்சாலையில் செய்தது. கனம், உறுதி, மழையில் நனைந்தாலும் மறுநாள் சுடும். ஆனால் அந்தக் கம்பெனிகளே, அந்த உடம்பிலேயே, வசதி உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் துப்பாக்கிகள் செய்தார்கள். அவற்றில் நல்ல வால்நட் கட்டை இருக்கும். பிடிக்கும் இடத்தில் கை வழுக்காமலிருக்க வைர வைரமாகக் கோடு கிழித்திருப்பார்கள். பக்கத் தகட்டில் கையால் செதுக்கிய சித்திரம் இருக்கும். இதில் ஒரு பக்கம் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கும் நாய், மறுபக்கம் புதரிலிருந்து எழும்பும் இரண்டு கௌதாரி. செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிற்று. இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை.

குழல்களைக் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினேன். கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு எங்கேயும் விடவில்லை என்று அர்த்தம். திறக்கும் நெம்புகோல் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் சற்று ஒதுங்கி நின்றது. தேய்ந்த துப்பாக்கியில் அது நடுவைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். ஆக, இது அதிகம் சுடாத துப்பாக்கி. குழல், உடம்பு, முன்கட்டை மூன்றிலும் ஒரே நம்பர், எந்தப் பாகமும் மாற்றியதில்லை.

இதையெல்லாம்விட முக்கியம் அதன் மேல் இருந்த நிறம். இந்தத் துப்பாக்கிகளின் இரும்பை எலும்புத் தூளும் கரியும் சேர்த்துச் சுட்டு எடுப்பார்கள். புறாவின் கழுத்தில் வெயில் பட்டால் தெரியுமே, அந்த மாதிரி நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து ஒரு நிறம் இரும்பில் ஏறிக்கொள்ளும். நாளாக ஆக மங்கும். மங்கினாலும் அதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். ஒருமுறை போனால் போனதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு.

தெரியாதவர் ஒருவர் அப்போது எனக்குப் பின்னால், காவா என்கிற அரபுக் காப்பிக் கூஜாவுடன் நின்றுகொண்டிருந்தார். அபு சைஃப் வீட்டுச் சமையல்காரர் கருப்பையா. ராமநாதபுரம் பக்கம், முதுகுளத்தூர் அருகே ஊர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். மூன்று வருஷமாகத் தமிழ் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர். திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்ததும் என்னை விடவே இல்லை.

"ஏண்ணே, இந்தத் துருப்பிடிச்ச இரும்புக்கா துபாய்லேர்ந்து ஆளு வருது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு 'ம்' போதும். ஆனால் ஊர்க்காரர் முன்னால் பெருமையடிக்காமல் இருக்க முடியவில்லை.

"துருவாவது? கருப்பையா, இது தங்கம்ல! மேல இருக்கற அழுக்கப் பாக்காத. உள்ள என்ன இருக்குன்னு பாரு. இத வெளிச்சத்துக்குக் கொண்டாந்தா ஊரே வாயப் பொளக்கும்."

நான் சொன்னது உவமானம். கருப்பையா அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஆபீஸுக்கு வந்து, 'தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் நிலை, எதுவும் மாற்றப்படவில்லை' என்று தாளில் எழுதி அபு சைஃபுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டு அனுப்பினார். போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தத் துப்பாக்கியை அவர் தன் தங்கை கணவர் அபு ராஷிதுக்குக் கொடுக்கப்போகிறார். பதிலுக்கு அபு ராஷித் சம்ஹா என்ற ஒரு பந்தய ஒட்டகத்தைத் தருகிறார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்த இரண்டு பேரும் முன்பு ஒருமுறை படகு இன்ஜினுக்கும் ஒரு ஜோடி ராஜாளிக்கும் மாற்றிக்கொண்டார்கள். கரையிலிருந்து கிளம்பியதும் இன்ஜின் நின்றுவிட்டது. ராஜாளிகள் கிளம்பிப் போனவை திரும்பி வரவே இல்லை. அதோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணனுக்கும் கணவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள், உம் ராஷித், இரண்டு பெருநாளையும் தனியாகக் கொண்டாடினாராம். இந்த முறை அவர்தான் கண்டிஷன் போட்டிருந்தார். சம்பந்தமில்லாத ஒரு வெளி ஆள் வந்து, எல்லோர் முன்னாலும் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் மாற்று. அந்த வெளி ஆள் நான்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் மஜ்லிஸில், அதாவது விருந்தினர் கூடத்தில், கூடியிருந்தார்கள். பதினைந்து பேராவது இருக்கும், பலரும் பம்பாய்க்குப் போய்வந்தவர்கள், எனக்காகப் பேச்சு இந்தியில் நடந்தது. வாசலுக்கு நேரே வன்னி மரத்தடியில் சம்ஹா கட்டியிருந்தது. சிவந்த பழுப்பில், எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மின்னியது. பெண்கள் பக்கத்துக் கதவில் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் உம் ராஷித் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"யல்லா கருப்பா, பந்தூக் லாவோ" என்றார் அபு சைஃப்.

கருப்பையா ஒரு வெல்வெட் தலையணையைத் தாங்கிக்கொண்டு வந்தார். அதன் மேல் துப்பாக்கி.

வெள்ளி மாதிரி இருந்தது. பொய்யில்லை, கூடத்து ஜன்னல் வெளிச்சம் பட்டு எதிர்ச் சுவரில் சதுரமாக ஒரு ஒளி விழுந்து ஆடியது. கட்டை, மிட்டாய்க் கடை ஜாங்கிரி நிறத்தில் பளபளத்தது. மோப்பம் பிடித்த நாயின் மூக்கைக் காணோம். இரண்டு கௌதாரியில் ஒன்று பறந்தே போய்விட்டது.

மஜ்லிஸே "மாஷா அல்லாஹ்!" என்றது.

கருப்பையா குனிந்து துப்பாக்கியை என் மடியில் வைக்கும்போது காதோரம் சொன்னார்: "எப்படிண்ணே? ரெண்டு நாளாத் தேச்சேன். கை ரேகையே போயிருச்சு."

"என்னத்தப் போட்டுல தேச்ச?"

"புளிண்ணே. புளியும் அடுப்புச் சாம்பலும். எங்கூரு மாரியம்மன் கோயிலு குத்துவெளக்க நாந்தான் தேப்பேன். ஊரே முகம் பாக்கலாம் அதுல."

"கட்டைய?"

"சைட்ல கார்பெண்டர்ட்ட வார்னீசு வாங்கி மூணு கோட்டிங் குடுத்தேன். அந்தப் பிடியில சொரசொரன்னு கோடு கோடாக் கெடந்துச்சு பாத்தியளா, அதயும் உப்புத்தாள வச்சு நல்லா வழிச்சு விட்டுட்டேன்."

"சோலிய முடிச்சிட்டியேல" என்றேன்.

"ஆமாண்ணே, சுத்தமா முடிச்சிட்டேன்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

துப்பாக்கியைத் திறந்தேன். உள்ளேயிருந்து லேசாக ரச வாசனை வந்தது. கையெழுத்துப் போட்டால், பார்க்காத மாதிரி 'அசல் நிலை' என்று எழுதிய ஆளாகிவிடுவேன். போடாவிட்டால், அபு சைஃபின் துப்பாக்கியை அவர் வீட்டுச் சமையல்காரரே கெடுத்துவிட்டார் என்று பதினைந்து பேர் முன்னால் சொல்ல வேண்டும். சாயங்காலமே கருப்பையாவின் விசா கேன்சல். மறுபடியும் குடும்பத்தில் பேச்சுவார்த்தை கேன்சல். என் ஆறு மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

என்ன செய்வது என்று தெரியாதபோது கை தானாகப் பழக்கத்துக்குப் போகும். என் சீனியர் சொல்லிக் கொடுத்தது எனக்குள்ளிருந்து கிளம்பியது.

"ம்…" என்றேன்.

அபு சைஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா, இந்தியன் அசந்துட்டான்! அபு ராஷித், வெறும் ஒட்டகம் போதாது. சேணமும் வேணும்."

அபு ராஷித் சுவரில் ஆடும் ஒளியைப் பார்த்தார். "சரி, சேணமும் எடுத்துக்கோ."

துப்பாக்கியைத் திருப்பினேன். அந்தப் பக்கமும் புளி வேலை செய்திருந்தது. என்னை அறியாமல், "ம்ம்…"

"குட்டியும்!" என்றார் அபு சைஃப்.

"எந்தக் குட்டி?"

"சம்ஹாவோட குட்டி. அவன் 'ம்ம்'னது உன் காதுல விழலையா?"

அபு ராஷித் தாடியைத் தடவினார். "சரி, குட்டியும்."

இந்த வேகத்தில் போனால் அடுத்த 'ம்'முக்கு அபு ராஷித் வீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார் போல இருந்தது. பயந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றினேன். அது இன்னும் மோசம். பதினைந்து பேரும் கழுத்தை நீட்டினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இது அமெரிக்க ஜனாதிபதியோட துப்பாக்கியா இருக்கும்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

அந்த நொடியில்தான் ஒன்று புரிந்தது. நான் சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என்னுடைய ஒவ்வொரு 'ம்'மும் ஒரு விலை. ஒரு மனிதர் வீட்டிலிருந்து ஒட்டகக் குட்டி வரை கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, நான் வாயைத் திறக்காததால். இதற்கு மேல் பேசாமல் இருப்பது பொய் சொல்வதைவிட மோசம்.

"அபு சைஃப், மன்னிக்கணும்" என்றேன் இந்தியில். "இது நல்லா சுடும். உங்க பேரன் காலத்துலயும் சுடும். ஆனா நான் எழுதிக் கொடுத்தேனே, அந்தத் துப்பாக்கி இது இல்ல."

"நம்பர் அதேதானே?"

"நம்பர் அதே. தோல் போயிடுச்சு."

அந்த நிறத்தைப் பற்றியும், கட்டையில் இருந்த கோடுகளைப் பற்றியும், நாயின் மூக்கைப் பற்றியும் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வாங்குகிறவர்கள் அதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள், அது போனால் திரும்பி வராது என்றேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். அபு ராஷித் கையைத் தூக்கினார்.

"இரு, இரு. முன்னாடி அழுக்கா இருந்தது, அப்ப விலை அதிகம். இப்ப சுத்தமா இருக்கு, அதனால விலை கம்மி. உங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்படித்தானா?"

"இந்த ஒரு பொருளுக்கு அப்படித்தான்."

"எவ்வளவு கம்மி?"

"ஒட்டகக் கணக்குல சொன்னா… பாதி."

"எந்தப் பாதி?"

மூலையில் இருந்த கிழவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, "யோசிச்சுச் சொல்லு. முன் பாதின்னா தீனி போடணும். பின் பாதின்னா பால் வரும்" என்றார். அதைப் பற்றி ஒரு சின்ன விவாதம் நடந்தது. ஓடுகிறது முன் காலா, பின் காலா என்று இரண்டு கட்சி பிரிந்தது.

அபு சைஃப் மட்டும் சிரிக்கவில்லை. "இதை யாரு செஞ்சது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

கருப்பையா காவாக் கூஜாவைக் கீழே வைத்தார். அவருக்கு இந்தி அரைகுறையாகத்தான் புரியும். ஆனாலும் அந்தக் கேள்வி புரிந்துவிட்டது.

"நான்தான்" என்றேன்.

"நீ துபாய்ல இருந்தியே?"

"தேய்ச்ச கை வேற. ஆனா மேல இருக்கறது அழுக்கு, இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவான்னு சொன்ன வாய் என்னோடது. என் பேச்சைக் கேட்டுத்தான், உங்க பொருள் நல்லா இருக்கணும்னு ரெண்டு நாள் உக்காந்து தேய்ச்சிருக்காங்க. தப்பு என் மேல."

அந்த வீட்டில் விரல் நுனியெல்லாம் புளிக்கறை ஏறிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அபு சைஃப் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

அப்போது கருப்பையா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரல்.

"அண்ணே, மினுக்கி விட்டா வெலை பாதியாக் கொறஞ்சு போகும்ங்கியளே. அப்ப அந்த ஒட்டகத்துக்கும் கொறையுமா? நேத்து அவுக ஆளுக வந்து எறங்கி நம்ம கெணத்தடில வச்சுத்தான அதுக்கு மருதாணி அரைச்சுப் பூசுனாக. நரை மயிரா இருந்துச்சுண்ணே. நாந்தான் அண்டாக் குடுத்தேன்."

மஜ்லிஸில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேட்டுவிட்டார். இன்னொருவன் நான்.

"கருப்பா என்ன சொல்றான்?" என்றார் அபு சைஃப்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். அந்த நேரத்தில் உதவ ஃபார்மில் கட்டம் எதுவும் இருக்காது. நான் துப்பாக்கி பார்க்க வந்தவன். ஒட்டகத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். கருப்பையா உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது, ஒருவேளை அவருக்கு மன்னிப்பும் கிடைத்திருக்கும். ஆனால் ஒரு பக்கத்துக் குறையை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, மறுபக்கத்துக் குறை காதில் விழுந்த பிறகு நான் செவிடன் என்றால், அந்த அம்மாள் எதற்காக வெளி ஆளைக் கூப்பிட்டார்? அதே சமயம் ஒருவரைத் திருடன் என்று சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. நான் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லையே. ஆகவே அவர் கேட்டதைக் கேள்வியாகவே சொன்னேன்.

"புளி போட்டா துப்பாக்கிக்கு விலை குறையுற மாதிரி, மருதாணி போட்டா ஒட்டகத்துக்கும் விலை குறையுமான்னு கேக்கறார்."

அபு ராஷிதுக்குக் காவா புரையேறியது.

அபு சைஃப் எழுந்தார். வெளியே போனார். நாங்கள் எல்லோரும் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். சம்ஹாவை ஒருமுறை சுற்றி வந்தார். தலைத்துணியின் நுனியைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து அதன் கழுத்தில் தேய்த்தார். துணி சிவந்தது. ஒட்டகத்தின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். சம்ஹாவும் அவரைப் பார்த்தது. அதற்கும் கொஞ்சம் சங்கடமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

திரும்பி வந்து அபு ராஷிதுக்கு எதிரே உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முடிந்தது, இன்னும் பத்து வருஷத்துக்கு இந்த வீட்டில் பெருநாள் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. முதலில் அடக்கிப் பார்த்த சிரிப்பு, அப்புறம் அடங்காத சிரிப்பு. உம் ராஷித் சிரித்துக்கொண்டே அரபியில் ஏதோ சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. மஜ்லிஸே உருண்டது. அபு ராஷித் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அபு சைஃப் கண்ணைத் துடைத்தார். துணியிலிருந்த மருதாணி கன்னத்தில் ஏறிக்கொண்டது.

என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "ரெண்டு கிழட்டுப் பொருளுக்கும் சாயம் பூசி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தப் பாத்தீங்க. ரெண்டும் கிழடு, மாத்திக்கோங்க. சேணமும் குட்டியும் என் வீட்டை விட்டு நகரக்கூடாது" என்றாராம்.

பாதித் துப்பாக்கிக்குப் பாதி ஒட்டகம். கலாஸ், முடிந்தது கணக்கு. அங்கேயே கை குலுக்கிக்கொண்டார்கள். நான் எழுதியதில் 'அசல் நிலை' என்ற வரியை அடித்துவிட்டு, 'மேற்பரப்பு தேய்க்கப்பட்டுள்ளது, கட்டைக்குப் புதிதாக வார்னிஷ் பூசப்பட்டுள்ளது, இயக்கம் நன்று' என்று எழுதி, எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டேன். அபு ராஷித் அந்தத் துப்பாக்கியைக் கடைசிவரை தன் மஜ்லிஸில் மாட்டி வைத்திருந்தார் என்று கேள்வி. வருகிறவர்களிடம் இது அமெரிக்காவின் உயர்ந்த துப்பாக்கி, சுத்தம் செய்ததால் கெட்டுப்போனது என்று சொல்வாராம். யாரும் நம்ப மாட்டார்களாம்.

கருப்பையாவை அபு சைஃப் வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுப்பில் ஏறாத எந்த இரும்பையும் தொடக்கூடாது என்று மட்டும் உத்தரவு. அன்று நான் கிளம்பும்போது காருக்கு வந்து, "என்னக் காட்டிக் குடுக்காம விட்டியளேண்ணே" என்று சொல்லி ஒரு தூக்குச்சட்டி நிறையக் கோழிக் குழம்பு கொடுத்தார்.

"நான் எங்க காட்டிக் குடுக்காம விட்டேன்? நீயாத்தானல மாட்டிக்கிட்ட!"

"இருக்கட்டும்ணே. குழம்பு ஆறிரும், வெரசாப் போங்க."

துப்பாக்கியைப் பற்றி எனக்கு ஏற்கனவே தெரியும். அன்று தெரிந்துகொண்டது வேறு. நாம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போய் வேலையாக மாற்றுகிறார். 'அழுக்கு' என்றால் தேய்ப்பார்கள். 'பழசு' என்றால் தூக்கிப் போடுவார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் ஒட்டகக் குட்டி கேட்பார்கள். அதனால் பொருளைத் தொடுவதற்கு முன்னால், "நான் கையெழுத்துப் போடும்வரை இதைத் துடைக்கக்கூட வேண்டாம்" என்று வீட்டில் இருக்கும் எல்லோரிடமும், சமையலறை வரை போய், அவரவர் மொழியில் சொல்லிவிட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கண்ணாடியை அந்த வாரமே எதிரே சீனியரின் மேஜையில் வைத்துவிட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட் மேனேஜரிடம் போனது. லண்டனிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத வெள்ளைக்காரர், ரொம்பக் கண்டிப்பு. ஃபார்மில் 'மதிப்புக் குறைந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. புளிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவே இல்லை. போன் போட்டு அபு சைஃபிடம் கேட்டேன், அவர் அரபியில் சொன்ன பெயரையே ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டேன்: தமர் ஹிந்தி. அது ஓர் ஆளின் பெயர் மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"மிஸ்டர் லிங்கம், இந்தத் தமர் ஹிந்தி அந்த வீட்டில் எத்தனை நாளாக?"

என்ன கேள்வி இது என்று நினைத்தேன். "எப்பவுமே உண்டு சார். எங்க ஆளுங்க இருக்கற எல்லா வீட்லயும் உண்டு."

அவர் முகம் இறுகியது. "எல்லா வீட்டிலுமா? இப்படித்தான் எல்லாவற்றையும் நாசம் செய்வதா?"

"இரும்புல பட்டாத்தான் சார். மத்தபடி ரொம்ப நல்லது."

"போலீசுக்குச் சொன்னார்களா?"

"இதுக்குப் போய்ப் போலீசா சார்?"

பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னை நேராகப் பார்த்தார். "சரி. இப்போது எங்கே?"

நான் கொஞ்சம் யோசித்தேன். மிச்சப் புளியைக் கருப்பையா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ரசத்துல சார்."

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, சுவரில் மாட்டியிருந்த மேப்பில், ராஸ் அல் கைமாவுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, 'ரசம்' என்ற ஊரைத் தேட ஆரம்பித்தார்.